ஈர வேம்பில் செய்த சுரூபம்

சொடக்குப் போட்டது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நான் முதலில் கூரையைப் பார்த்தேன். தகரக் கூரை. பங்குனி வெயிலில் அது அவ்வப்போது இப்படிச் சொடுக்கிக்கொள்ளும். பிறகு கையிலிருந்த உளியைப் பார்த்தேன். முனை நன்றாகத்தான் இருந்தது. இடது கண்ணிமையின் விளிம்பை அரிசி கனத்துக்குச் சீவிக்கொண்டிருந்தேன். மூடிய கண். இறந்துபோனவரின் கண்.

இமையில் ஒன்றுமில்லை. கன்னத்தில் ஒன்றுமில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே, நெஞ்சின் இடப்பக்கம், ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. ஊதினேன், போகவில்லை. நகத்தால் எடுக்கப் பார்த்தேன். நகம் உள்ளே இறங்கியது.

விரிசல்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. இந்த முறை சத்தமே இல்லை.

“இன்னாது அது, சத்தம்?” என்று வீட்டுக்குள்ளிருந்து பிலோமினா கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“தகரம்,” என்றேன்.

அந்த வருஷம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்தான் பெரியது.

எதற்காக அந்தச் சுரூபம்

தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கிய காலம். அங்கே ஒரு வார்ப்படக் கம்பெனியில் நான் பேட்டர்ன் ஷாப்பில் இருந்தேன். இரும்பில் எது வார்க்க வேண்டுமானாலும் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மரத்தை மண்ணில் பதித்து எடுத்து, பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் செய்வது என் வேலை. காலை ஷிப்ட். இரண்டு மணிக்குச் சங்கு ஊதினால், மூன்று மணிக்கு வீட்டுக் கொட்டகையில் இருப்பேன்.

எங்கள் தெருவில் அறுபது வீடு. எல்லாருடைய அப்பன்களும் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். எங்கள் தலைமுறைதான் ரெயில்வே கூட்ஸ் யார்டுக்கும் கம்பெனிக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூன்று மைல் நடந்து பெரிய கோயிலுக்குப் போவோம். அங்கே எங்களுக்குத் தனி வாசல் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நாங்கள் எந்த வாசலில் நுழைவோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெரிய வெள்ளியன்று அங்கே ஆண்டவரின் மரச்சிலையை, சுரூபம் என்போம், சிலுவையில் ஏற்றுவார்கள். மூன்று மணிக்கு இறக்கி, பாடையில் வைத்துத் தோளில் தூக்கி ஊரைச் சுற்றுவார்கள். சிலுவைக்குக் குழி தோண்டுவது எங்கள் தெரு. பந்தலுக்கு ஓலை கொண்டுபோவது எங்கள் தெரு. தோள் கொடுப்பது மட்டும் பெரிய கோயில் பக்கத்து மேல்சாதிக்காரர்கள்.

என் அக்கா மரியம்மாளின் புருஷன் சவரிமுத்து, யார்டில் மூட்டை தூக்குகிறவர். நூறு கிலோ மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறுவார். ஒரு வருஷம் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற மாமா சட்டென்று கையைக் கொடுத்துத் தாங்கினார். அவர் கையை ஒருவன் தட்டிவிட்டான். அடிக்கக்கூட இல்லை. ஈ ஓட்டுவது போலத் தட்டிவிட்டான்.

மாமா வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். அதன் பிறகுதான் எங்கள் தெருவில் ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில் எழும்பியது. கல் சுமந்ததில் பாதி மாமாவின் முதுகு. புதிதாக வந்த சாமியாரும் இளவயது. “சுரூபம் ஒண்ணு செஞ்சிடுங்க. பெரிய வெள்ளி சடங்க உங்க கோயில்லயே வெச்சிக்கலாம். நான் வர்றேன்,” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் பொய்

தை மாதம் ஒரு காலையில் மாமா கோடாலியோடு என் வீட்டுக்கு வந்தார்.

“மச்சான், எங்கூட்டு வாசல்ல கீற வேம்பு ஆவுமா? ஆறடிக்கு நேரா கீது. பெரிய வெள்ளிக்குள்ள முடிச்சிடுவியா?”

வேம்பு நல்ல மரம். செதுக்கலாம், பூச்சி அரிக்காது. ஆனால் அது நின்றுகொண்டிருந்த மரம், உள்ளே முழுக்க ஈரம். அந்தக் கனத்துக்கு வெட்டிய கட்டையை நிழலில் போட்டு ஒரு வருஷமாவது காயவிட வேண்டும். பேட்டர்ன் ஷாப்பில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கும் தெரியும்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் தெருவிலேயே உளி பிடித்தவன் நான் ஒருவன்தான். முடியாது என்ற வார்த்தை எனக்கு வரவில்லை.

“ஆவும் மாமா. காஞ்சிடும்,” என்றேன்.

அன்றைக்கே மரம் விழுந்தது. அக்கா வீட்டு வாசலில் திடீரென்று வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பம்பு மூடி

விரிசல் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் வெளியிலிருந்து உள்ளே காய்கிறது. வெளித்தோல் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் ஈரக் கட்டை சுருங்க மாட்டேன் என்று நிற்கும். சின்னச் சட்டையைப் பெரிய உடம்பில் மாட்டினால் எங்கே பொத்தான் தெறிக்குமோ, அங்கே மரம் வாயைத் திறக்கும்.

அந்த வாயை அவசரப்பட்டு அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் நான் கற்றுக்கொண்டிருந்தேன், என் சொந்தத் தப்பில். கம்பெனியில் ஒரு பம்பு மூடிக்கு மாதிரி செய்தபோது மரத்தில் மயிரிழை விரிசல் விட்டது. விரிசலை அடைக்கும் மக்குப் பசையை வைத்துத் தேய்த்து, மேலே சிவப்புப் பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டேன். மண் ஈரத்தில் மரம் ஊதியது. ஊதியபோது உள்ளே இருந்த மக்கு இடம் கொடுக்கவில்லை, ஆப்பு போல நின்று விரிசலை இன்னும் பிளந்தது. வார்த்து வந்த இரும்பு மூடிகள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு கோடு. ஃபோர்மன் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆகவே நெஞ்சில் வந்த விரிசலை அடைக்கவில்லை. மறைத்தேன். ஈரச் சாக்கை எடுத்து நெஞ்சுக்கு மேல் போர்த்தினேன். தலை உச்சியிலும் பாதத்தின் அடியிலும் மெழுகைக் காய்ச்சித் தடவினேன். மரத்தின் ஈரம் முனைகள் வழியாகத்தான் வேகமாக ஓடும். தகரத்துக்கு மேல் பனையோலை பரப்பினேன்.

“தவக்காலத்துல எல்லா கோயில்லயும் சுரூபத்துக்கு ஊதாத் துணி போட்டு மூடுவாங்க. நீ இன்னா சாக்கு போட்டுகினு கீற?” என்றாள் பிலோமினா.

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் வந்து சாக்கைத் தூக்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிடுய்யா.”

“சரி பண்ணிட்டுச் சொல்றேன்.”

முதுகைக் குடைந்தேன்

சரி பண்ண ஒரே வழிதான் இருந்தது. மரத்தின் நடுவே விரல் கனத்துக்கு ஒரு தண்டு ஓடும். எல்லா விரிசலும் அதை நோக்கித்தான் போகும். அதை எடுத்துவிட்டால் மரத்துக்குள் இருக்கும் இழுபறி தணியும். வைக்கோலைப் பரப்பி, சுரூபத்தைக் குப்புறப் படுக்கவைத்து, பின்பக்கம் தோளுக்குக் கீழிருந்து இடுப்புவரை குடைய ஆரம்பித்தேன்.

நான்கு சாயங்காலம். முகம் வைக்கோலில் புதைந்திருந்த அந்த உடம்பின் முதுகில் கொட்டாப்புளியால் அடித்து அடித்து வெட்டினேன். முன்பக்கம் என்ன ஆகிறதோ என்று, பத்து அடிக்கு ஒரு தரம் குனிந்து, கையை அடியில் விட்டு நெஞ்சைத் தடவிப் பார்ப்பேன். உள்ளேயிருந்து வந்த செதில் எல்லாம் ஈரம். பிழிந்தால் கசியும் போலிருந்தது.

நடுத்தண்டு முழுசாக வெளியே வந்தது. மறுநாள் நெஞ்சு விரிசல் பாதி மூடியிருந்தது. நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமா தினமும் யார்டிலிருந்து திரும்பும் வழியில் ஐந்து மணிக்கு எட்டிப் பார்ப்பார். செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விடுவார். “இன்னும் சாமியார் மந்திரிக்காத கட்டை மாமா, செருப்போட வா,” என்பேன். கேட்க மாட்டார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பெரிய வெள்ளிக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், நான் ஷிப்டிலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால், கொட்டகை வாசலில் செருப்பு. மாமா உள்ளே நின்றுகொண்டிருந்தார். சாக்கு தரையில் கிடந்தது.

நெஞ்சை அவர் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி முடியிலிருந்து இடது இமையை வெட்டிக்கொண்டு கன்னம் வரைக்கும் ஒரு புது விரிசல். காலையில் நான் போகும்போது அது இல்லை.

“இன்னாடா இது?”

“வேனல் காத்து மாமா. மரம் காயும்போது...”

“நெஞ்சுல ஒண்ணு கீதே, அது எப்ப?”

நான் குனிந்து சாக்கை எடுத்தேன்.

“எத்தினி நாளா சாக்கு போட்டு மூடிகினு கீற?”

“ரெண்டு வாரம்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. “மக்கு பூசி அடைச்சிடு. மேல பெயின்ட் அடி. மூணு மணி நேரம் தாங்கினா போதும்.”

“மக்கு தாங்காது மாமா. வெயில்ல இன்னும் பொளந்துடும்.”

“பெரிய கோயில்காரங்க எல்லாம் வேடிக்க பாக்க வருவானுங்க. மூஞ்சி பொளந்து கீற சாமியத் தூக்கிகினு நிக்கச் சொல்றியா? பூசுடா!”

போய்விட்டார். செருப்பைப் போட மறந்து, வெறுங்காலோடு தெருவில் நடந்து போனார். பிலோமினா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

வளையம்

பூசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மக்குகூடக் குழைத்துவிட்டேன்.

பூசுவதற்கு முன்னால், பழக்கத்தில், உளிப்பிடியால் உடம்பு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் ‘டங்’ என்று பேசும். இடுப்பு பேசியது. வலது தோள் பேசியது. இரண்டு தோளுக்கும் நடுவே, முதுகில் வளையம் இறக்கியிருந்த இடத்தில் தட்டினேன். ‘தொப்’ என்றது.

இந்த வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலுவையில் உள்ளங்கை ஆணிகள் பார்வைக்குத்தான். முழு எடையும் முதுகில் இருக்கும் இரும்பு வளையத்தில் தொங்கும். சிலுவையில் இருக்கும் கொக்கியில் அதை மாட்டுவோம். கீழே பெஞ்சின்மேல் நின்று உடம்பைத் தோளில் வாங்கப்போகிறவர் மாமா.

விளக்கைப் பள்ளத்துக்குள் காட்டினேன். நான் குடைந்த பள்ளத்தின் மேல்விளிம்பிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, வளையம் இறங்கியிருந்த ஓட்டை வரைக்கும் ஏறியிருந்தது. விரிசலை நிறுத்தப் போன நான் இடப்பக்கச் சுவரை அளவுக்கு மீறி மெலிதாக்கியிருக்கிறேன். வந்த விரிசல் மரத்தின் குணம். இது என் கை செய்தது.

மக்கும் பெயின்ட்டும் இதையும் மறைத்துவிடும். யாருக்கும் தெரியாது. மாமாவின் கழுத்துக்கு மேல், ஒன்றேகால் ஆள் எடை, அந்த ஒரு விரிசலில் தொங்கும்.

குழைத்த மக்கைக் குப்பையில் கொட்டினேன்.

குருத்தோலை ஞாயிறு

எங்கள் சின்னக் கோயிலில் பூசை முடிந்து சாமியார் உடை மாற்றிக்கொண்டு வந்தார். ஜனங்கள் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பீடத்துக்குக் கீழே போய் நின்று, “சாமி, ஒரு வார்த்த. எல்லாருக்கும் சொல்லணும்,” என்றேன்.

விரிசலைச் சொன்னேன். வளையத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “வெட்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஈர மரம், ஒரு வருஷம் காயணும். மாமா கேட்டப்ப ஆவும்னு சொல்லிட்டேன்,” என்று அதையும் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு குழந்தை ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மெட்ராஸில் பொம்மை வாங்கலாம் என்று ஒருவர். இந்த வருஷமும் பெரிய கோயிலுக்கே போய்விடலாம் என்று இன்னொருவர்.

அதைக் கேட்டதும் சவரிமுத்து மாமா எழுந்தார். என்னைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்து வெளியே போனார்.

அக்கா போகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். என்னைவிட எட்டு வயசு பெரியவள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

“என் வாசல்ல நெழலு போனது போனதுதான். நீ இங்க நின்னு அழுதா மரம் ஒட்டிக்கப் போவுதா? இன்னா செய்யலாம், அத்த சொல்லு.”

“எடைய மரத்துல வெக்காம இரும்புல வெக்கலாம் அக்கா. உள்ள ஒரு பட்ட இரும்பு கட்டணும். விரிசலுக்குக் குறுக்க கட்ட போட்டுத் தெக்கணும். ஆனா காஞ்ச வேம்பு வேணும். அதே மரமா இருந்தா நல்லது.”

“கிளையெல்லாம் அடுப்புக்குன்னு அடுக்கி வெச்சிகிறேன். சன்னக் கிளை. காஞ்சி கெடக்குது. போதுமா?”

சாமியார் அதுவரை கேட்டுக்கொண்டே நின்றார். “தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியாது, அந்தோணி. உனக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லு. தாங்காதுன்னா தாங்காதுன்னு சொல்லணும். வெறும் சிலுவைய வெச்சுச் சடங்க நடத்திக்கலாம், ஒண்ணும் கொறஞ்சிடாது,” என்றார்.

குறையும் என்பது அவருக்கும் தெரியும்.

நான்கு நாள்

திங்களிலிருந்து லீவு போட்டேன். கும்மிடிப்பூண்டி பஜாரில் கொல்லுப்பட்டறையில் உட்கார்ந்து, பட்டை இரும்பைக் காய்ச்சி வளைத்து வாங்கினேன். இரண்டு தோளிலும் உட்பக்கமாகக் கவ்வி, பள்ளத்தின் வழியே இறங்கி, இடுப்பில் கனத்த மரத்தில் திருகாணியால் பிடிக்கும் ஒரு கவசம். வளையத்தை மரத்திலிருந்து பிடுங்கி அந்தப் பட்டையில் அடித்து இணைத்தேன். இனி தொங்கப்போவது இரும்பு. மரம் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் போதும்.

அக்கா கொண்டுவந்த கிளைகளிலிருந்து உடுக்கை வடிவத்தில் கட்டைகள் செதுக்கினேன். நடு ஒடுங்கி, இரண்டு பக்கமும் விரிந்த கட்டை. விரிசலுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி அதை இறக்கினால், இரண்டு உதட்டையும் விலகவிடாமல் பிடித்துக்கொள்ளும். வளையம் இருந்த இடத்தில் மூன்று, கீழே இரண்டு. ஒட்டுவதற்கு வச்சிரப் பசை காய்ச்சிய நாற்றம் தெருமுனை வரைக்கும் அடித்தது.

நெஞ்சு விரிசலில் மெல்லிய வேப்பஞ்சிராயை நார் ஓடும் திசையிலேயே செருகினேன். முகத்து விரிசலை மட்டும் தொட பயம். அது இன்னும் அடங்கவில்லை. காலையில் ஒரு கனம், சாயங்காலம் ஒரு கனம். தேன்மெழுகில் வேப்பந்தூளைக் குழைத்து அதில் நிரப்பினேன். மெழுகு வளைந்துகொடுக்கும், மரம் அசைந்தால் கூடவே அசையும். பார்வைக்கு மறையும், பலம் கொடுக்காது.

புதன்வரைக்கும் மாமா வரவில்லை. ஐந்து மணி ஆனால் என் காது தானாகத் தெருப்பக்கம் போகும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சிலுவை நட்டாயிற்று. சுரூபத்தை ஏற்றி வளையத்தைக் கொக்கியில் மாட்டினோம். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். “இன்னும் மந்திரிக்கல, கட்டதான்,” என்று எனக்கே சொல்லிக்கொண்டு, இடுப்பில் வடக்கயிறு கட்டி, கயிற்றில் இரண்டு மணல் மூட்டை தொங்கவிட்டேன். கொக்கி முனகியது. பிறகு நான் போய் நேர் கீழே நின்றேன். விழுந்தால் என்மேல் விழட்டும். பிலோமினா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நிமிர்ந்து பார்த்தபடி மனசுக்குள் நூறு வரை எண்ணத் தொடங்கினேன். நாற்பதோ ஐம்பதோ எண்ணும்போது பக்கத்தில் ஒரு தோள் உரசியது. மாமா. யார்டிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் சிமெண்டுத் தூள். என் பக்கம் திரும்பவில்லை. அவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். நூறு முடிந்து, இருநூறும் முடிந்தது. பிறகு, வந்தது போலவே, தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

“தாங்கும்,” என்று சாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று மணி

பெரிய வெள்ளியன்று மணி அடிக்கக்கூடாது. அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். டக், டக், டக். மரத்தில் எந்தச் சத்தம் வந்தாலும் குலை நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

தெரு முழுக்க ஜனம். பெரிய கோயில் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து, புளியமரத்தடியில் தனியாகக் கும்பலாக நின்றார்கள். பந்தல் போட்டிருந்தும் மூன்று மணிக்கு மேற்கு வெயில் சாய்வாக நுழைந்து, சுரூபத்தின் இடது கன்னத்தில் நேராக விழுந்தது. இதை நான் யோசிக்கவில்லை.

நான் சிலுவைக்குப் பின்னால் ஏணியில். முன்னால் பெஞ்சின்மேல் மாமா, தோளில் வெள்ளைத் துணி. இரண்டு பக்கமும் இரண்டு பேர். கட்டை தட்டுவது நின்றது. சாமியார் மண்டியிட்டார். எல்லோரும் மண்டியிட்டார்கள்.

வலது கை ஆணியை எடுத்தார்கள். தோளில் நான் தோல் வைத்து இணைத்திருந்த மூட்டில் கை மெதுவாக மடிந்து தொங்கியது. கூட்டத்தில் ஒரு பெண் அழத் தொடங்கினாள். இடது கை ஆணியையும் எடுத்தார்கள். முழு எடையும் வளையத்துக்கு வந்தது. நான் கொக்கியில் கையை வைத்தேன்.

டப்.

கட்டை தட்டியவன் தெரியாமல் தட்டிவிட்டான் என்று ஜனம் நினைத்திருக்கும். சிலுவையைச் சுற்றி நின்ற நாலு பேருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆணி எடுத்த இருவரும் ஒரு அடி பின்னால் போய்விட்டார்கள். மாமா போகவில்லை. உடம்பு அவர் தோளில் பாதி சாய்ந்திருந்தது. அதன் முகம் அவர் காதருகே.

உதட்டை அசைக்காமல் கேட்டார். ஏழு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“மூஞ்சியா, முதுகா?”

பள்ளத்துக்குள் கையை விட்டேன். பட்டை இரும்பு வெயிலில் சுட்டது. திருகாணிகளைத் தடவினேன். உடுக்கைக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. விளிம்பில் நகம் நுழையவில்லை. கீழே இரண்டு. அவையும் அப்படியே இருந்தன. அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கீழே சாமியார் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“மூஞ்சி, மாமா.”

“நெஜமா?”

“நெஜமா.”

“அப்ப கயட்டு.”

கழற்றினேன். உடம்பு முழுசாக அவர் தோளில் இறங்கியது. பின்வாங்கிய இருவரும் ஓடிவந்து காலைப் பிடித்தார்கள். வெயிலில் இளகிய மெழுகு கன்னத்திலிருந்து வழிந்து, அவர் கழுத்தில் சொட்டியிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அடியாக வைத்து, பெஞ்சிலிருந்து இறங்கி, பாடையில் கிடத்தினார்.

விரிசல் நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் பட்டவர்த்தனமாகத் திறந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். புளியமரத்தடியில் நின்றவர்களும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் தெரு வரிசையில் வந்து பாதத்தை முத்தமிட்டது. பிறகு பாடை எழும்பியது. முன்பக்கம் வலது கொம்பு சவரிமுத்து மாமாவுடையது. நான் ஏணியிலிருந்து இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிலோமினா வந்து, சின்னப் பிள்ளையை இறக்குவது போலக் கையைப் பிடித்து இறக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை

உயிர்த்த ஞாயிறு மத்தியானம் மாமா கொட்டகைக்கு வந்தார். கொட்டகை காலி. மூலையில் வேப்பஞ்செதில் குவியல் மட்டும். ஒரு கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கழுத்தில் மெழுகு சுட்ட இடம் சின்னதாகச் சிவந்திருந்தது.

“அந்தக் கன்னத்த இப்ப அடைச்சிடலாமா?”

“இன்னும் ஈரம் கீது மாமா. இப்ப அடைச்சா வேற எடத்துல வெடிக்கும். முழுசாக் காயட்டும்.”

“எத்தினி நாளு?”

“மூணு வருஷம் ஆவும். செதுக்கறதுக்குத்தான் ஒரு வருஷம் போதும்.”

“அது வரிக்கும்?”

“மழைக்கு மூடிக்கும். வெயிலுக்குத் தெறந்துக்கும்.”

தலையாட்டினார். ஒரு செதிலை எடுத்து விரலால் ஒடித்துக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கு நான் கோடாலி எடுத்துகினு வந்தப்பவே ஈர மரம்னு சொல்லியிருந்தா இன்னாடா ஆயிருக்கும்?”

“உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு...”

“ஒரு வருஷம் காத்துகினு இருந்திருப்பேன்,” என்றார். “முப்பது வருஷமா காத்துகினு இருந்தவன்டா நானு. இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்க மாட்டனா?”

பிலோமினா டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். எழுந்து, வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். இரண்டடி நடந்தவர் திரும்பினார்.

“மூணு வருஷம்னா மூணு வருஷம்தான? எனக்கோசரம் கொறச்சி சொல்லலியே?”

“இல்ல மாமா,” என்றேன். “நாலுகூட ஆவலாம்.”

“சரி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.